"இனிமே உங்களால டியூட்டி பார்க்க முடியுமா?" - மருத்துவமனையில் மாற்றுத்திறனாளி ஊழியருக்குச் சட்டம் தரும் உரிமைகள் என்ன?

உங்கள் வீடு முதலமடையில் இருக்கிறது, வேலை பொள்ளாச்சியிலோ பாலக்காட்டிலோ ஒரு மருத்துவமனையில் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கலாம், லேப் டெக்னீஷியனாக இருக்கலாம், பார்மசியில் இருக்கலாம். ஒருநாள் நைட் டியூட்டி முடிந்து திரும்பும் வழியில் பைக் சறுக்கிவிடுகிறது. ஆறு மாதம் கழித்து, முழங்கால் சரியாக மடங்காத நிலையில் வேலைக்குத் திரும்புகிறீர்கள். எச்.ஆர். அறையில் உட்காரவைத்து, மரியாதையாகவே கேட்கிறார்கள்: "இனிமே உங்களால வார்டு டியூட்டி பார்க்க முடியுமாங்க? பேசாம ராஜினாமா எழுதிக் கொடுத்துடுங்களேன்."

எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை நிறைய இருக்கின்றன. உங்களுக்கு இப்படி எதுவும் நடக்காமல் இருக்கலாம். ஆனால் உங்கள் டீமில் காது சரியாகக் கேட்காத ஒருவரோ, வலிப்பு நோய்க்கு மாத்திரை சாப்பிடும் ஒருவரோ இருக்க வாய்ப்பு உண்டு. உலகில் ஆறு பேரில் ஒருவர், அதாவது சுமார் 130 கோடி பேர், குறிப்பிடத்தக்க உடல் அல்லது மனக் குறைபாட்டோடு வாழ்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்கள் எல்லோரும் நோயாளிகளாக மட்டுமே மருத்துவமனைக்கு வருபவர்கள் இல்லை. அங்கே சம்பளம் வாங்குபவர்களும் அவர்களில் உண்டு.

யார் மாற்றுத்திறனாளி? 40% யாருக்குத் தேவை?

தமிழ்நாட்டில் 'மாற்றுத்திறனாளி' என்கிறோம். எல்லை தாண்டினால் மலையாளத்தில் 'பின்னசேஷி' என்பார்கள். இரண்டு பக்கமும் செல்லுபடியாகும் சட்டம் ஒன்றுதான்: மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. இது 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது.

1995-ல் வந்த பழைய சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. புதிய சட்டத்தில் அது 21 ஆனது. பார்வை, செவித்திறன், உடல் இயக்கம், மனநோய் ஆகியவற்றோடு ஆட்டிசம், கற்றல் குறைபாடு, பார்க்கின்சன் நோய், ரத்தம் உறையாமை, அரிவாள் செல் நோய் எனப் பலவும் சேர்ந்தன. வெளியே பார்த்தால் தெரியாத குறைபாடுகளும் இதில் உண்டு என்பதைக் கவனியுங்கள்.

இங்கே பலர் குழம்பும் விஷயம் ஒன்று உண்டு. "எனக்கு 40 சதவீதம் இல்லை, அதனால எனக்கு எந்த உரிமையும் இல்லை" என்று நினைப்பது தவறு. அரசு வேலையில் இடஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்குத்தான் 40% என்ற அளவுகோல். பாகுபாடு இல்லாமல் நடத்தப்படும் உரிமைக்கும், வேலையிடத்தில் தேவையான வசதி கேட்கும் உரிமைக்கும் அந்த எல்லைக்கோடு கிடையாது. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் எதிர் யுபிஎஸ்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் குறைபாடு உள்ள அவருக்கு, 40% இல்லை என்ற காரணத்தால் தேர்வில் உதவியாளர் மறுக்கப்பட்டிருந்தது. அந்த மறுப்பு தவறு என்று தீர்ப்பு வந்தது.

'நியாயமான வசதி ஏற்பாடு' என்றால் என்ன?

சட்டத்தின் மையமே இந்தச் சொல்தான். ஒருவர் மற்றவர்களுக்குச் சமமாக வேலை செய்ய, அவருக்கு ஏற்றபடி செய்துகொடுக்கும் மாற்றம். நிறுவனத்துக்கு அளவுக்கு மீறிய சுமையாக அது இருக்கக் கூடாது. அவ்வளவுதான் விளக்கம். இது கருணை அடிப்படையில் கொடுப்பது இல்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுப்பதும் இல்லை. ஆளைப் பொறுத்து, வேலையைப் பொறுத்து மாறும்.

மருத்துவமனையில் இது எப்படி இருக்கும்?

காது குறைவாகக் கேட்பவருக்கு: ஒலியைப் பெருக்கும் மின்னணு ஸ்டெதாஸ்கோப், அலாரம் அடித்தால் அதிரும் பேஜர் அல்லது மின்னும் விளக்கு, உதட்டசைவு தெரியும்படியான மாஸ்க், ஷிப்ட் மாறும்போது வாய்மொழியாக மட்டும் இல்லாமல் எழுத்திலும் ஹேண்ட்ஓவர்.

நடக்கச் சிரமப்படுபவருக்கு: உயரத்தை மாற்றக்கூடிய மேசை, லிஃப்ட்டுக்கு அருகில் உள்ள வார்டு, உட்கார்ந்து செய்யக்கூடிய ஓ.பி. பணி, அடிக்கடி இடம் மாற்றாத டியூட்டி பட்டியல்.

பார்வை குறைந்தவருக்கு: கணினியில் எழுத்தைப் பெரிதாக்கும் வசதி, இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ போன்ற திரைவாசிப்பு மென்பொருள், பெரிய எழுத்தில் லேபிள்.

வலிப்பு நோய் உள்ளவருக்கு: தூக்கம் கெடுவது வலிப்பைத் தூண்டும் என்பதால் நைட் டியூட்டியிலிருந்து விலக்கு, அல்லது முன்கூட்டியே தெரியும் நிலையான ஷிப்ட். சில மனநல பாதிப்புகளுக்கும் இதே ஏற்பாடுதான் உதவும்.

கற்றல் குறைபாடு அல்லது ஆட்டிசம் உள்ளவருக்கு: "அதைப் பார்த்துக்கங்க" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல் படிப்படியாக எழுதிய செயல்பட்டியல், இரைச்சல் குறைந்த இடம்.

பட்டியலைப் பாருங்கள். இதில் பாதிக்கு மேல் காசே செலவாகாத விஷயங்கள். டியூட்டி போடுபவர் மனசு வைத்தால் போதும்.

"நோயாளிக்கு ஏதாவது ஆயிட்டா யார் பொறுப்பு?"

மற்ற அலுவலகங்களில் வராத இந்தக் கேள்வி மருத்துவமனையில் மட்டும் வரும். நியாயமான கேள்விதான். ஆனால் கேட்கும் விதத்தில்தான் சிக்கல் இருக்கிறது.

"காது கேட்காதவர் ஐசியூவில் எப்படி?" என்று ஒட்டுமொத்தமாகக் கேட்டால் பதில் 'முடியாது' என்றுதான் வரும். அதையே மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். அந்தப் பணியில் தவிர்க்கவே முடியாத வேலைகள் என்னென்ன? அவற்றில் எதை, இந்தக் குறிப்பிட்ட நபரால், தகுந்த வசதி செய்து கொடுத்த பிறகும் செய்ய முடியவில்லை? அப்படி ஒன்று இருந்தால், அதே தகுதிக்கு ஏற்ற வேறு பணி எது?

வென்டிலேட்டர் அலாரம் காதில் விழ வேண்டும் என்பது வேலை இல்லை. அலாரம் அடித்தது உடனே தெரிய வேண்டும் என்பதுதான் வேலை. அதிரும் பேஜர் அதைச் செய்துவிடும் என்றால் தடை போய்விட்டது. செய்யாது என்றால், அந்த முடிவு சோதித்துப் பார்த்த பிறகு வர வேண்டும், பயத்தில் வரக் கூடாது.

சில இடங்களில் குறைபாடு என்று நினைப்பதே திறமையாக மாறுவதும் உண்டு. ஜெர்மனியில் மகப்பேறு மருத்துவர் ஃபிராங்க் ஹோஃப்மன் தொடங்கிய 'டிஸ்கவரிங் ஹேண்ட்ஸ்' திட்டத்தில், பார்வையற்ற பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை செய்யும் பயிற்சி அளிக்கப்படுகிறது. தொடுதலில் அவர்களுக்கு இருக்கும் நுட்பம் சிறு கட்டிகளையும் கண்டுபிடிக்க உதவுகிறது. டெல்லியிலும் பார்வையற்ற பெண்களுக்கு இந்தப் பயிற்சி தரப்பட்டுள்ளது.

வேலூரில் 70 ஆண்டுகளுக்கு முன்பே நடந்தது

இதெல்லாம் வெளிநாட்டுச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். கேரளத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு வேலைக்கு வந்த ஒரு மருத்துவரின் கதை இது.

கொச்சிக்கு அருகே செராயியில் பிறந்தவர் டாக்டர் மேரி வர்கீஸ். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து அங்கேயே பணியில் இருந்தார். 1954-ல் நடந்த சாலை விபத்தில் அவரது முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. அந்தக் காலத்தில் 'பாவம்' என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருந்தால் யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆனால் தொழுநோயாளிகளின் முடங்கிய கைகளைச் சீரமைக்கும் அறுவை சிகிச்சையில் முன்னோடியான டாக்டர் பால் பிராண்ட் அப்போது அதே கல்லூரியில் இருந்தார். கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்துகொண்டே செய்யலாம். மேரி வர்கீஸின் கைகளுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அவர் தொழுநோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்யத் தொடங்கினார். பிறகு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்தார். திரும்பி வந்து வேலூரில் அந்தத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-ல் அங்கே மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. 1972-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். இன்று அந்த மையத்துக்கு அவர் பெயர்தான்.

அப்போது 'நியாயமான வசதி ஏற்பாடு' என்ற சொல்லே இந்தியச் சட்டத்தில் இல்லை. நடந்தது இதுதான்: எதைச் செய்ய முடியாது என்று எண்ணாமல், எதைச் செய்ய முடியும் என்று ஒரு சக மருத்துவர் பார்த்தார். நிர்வாகம் இடம் கொடுத்தது.

மும்பையில் டாக்டர் சுரேஷ் அத்வானியும் இப்படித்தான். சிறுவயதில் போலியோவால் சக்கர நாற்காலிக்கு வந்தவர். மருத்துவக் கல்லூரியில் சேரவே போராட வேண்டியிருந்தது. பின்னாளில் புற்றுநோய் மருத்துவராகி, இந்தியாவில் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையின் முன்னோடியானார். 2012-ல் பத்மபூஷண் பெற்றார்.

கல்லூரி வாசலிலேயே தடை இருந்தால்?

மருத்துவமனையில் மாற்றுத்திறனாளி ஊழியர்கள் குறைவாகத் தெரிவதற்கு முக்கியக் காரணம், படிப்பில் சேரும்போதே வடிகட்டப்படுவதுதான். நர்சிங் படிப்பில் நீண்ட காலமாக மாற்றுத்திறனாளி ஒதுக்கீடு, காலில் 40% முதல் 50% வரை குறைபாடு உள்ளவர்களுக்கு என்று சுருக்கப்பட்டிருந்தது. மருத்துவப் படிப்பில், "இரண்டு கைகளும் முழுமையாக, உணர்வுடன், போதிய வலிமையுடன் இருக்க வேண்டும்" என்ற நிபந்தனை இருந்தது.

சமீப ஆண்டுகளில் உச்ச நீதிமன்றம் இந்தச் சுவரை உடைத்துவருகிறது. 2024 அக்டோபரில் ஓம்கார் கோண்ட் வழக்கில், குறைபாடு 40 சதவீதத்தைத் தாண்டியது என்பதற்காக மட்டும் எம்பிபிஎஸ் இடம் மறுக்கக் கூடாது, அந்த மாணவரால் படிப்பைத் தொடர முடியுமா என்பதை மருத்துவக் குழு தனித்தனியாக ஆராய்ந்து சொல்ல வேண்டும் என்றது. 2025 பிப்ரவரியில் அன்மோல் வழக்கில், 'இரண்டு கைகளும் முழுமையாக' என்ற நிபந்தனையையே கடுமையாக விமர்சித்தது. இந்த மாணவர்கள் சில ஆண்டுகளில் ஹவுஸ் சர்ஜனாக உங்கள் வார்டுக்கு வருவார்கள். வார்டு தயாரா என்பதுதான் அடுத்த கேள்வி.

அரசு மருத்துவமனை ஒரு மாதிரி, தனியார் ஒரு மாதிரி

நீங்கள் அரசு மருத்துவமனையில் நிரந்தர ஊழியர் என்றால் பாதுகாப்பு வலுவானது. சட்டத்தின் 20-வது பிரிவின்படி, பணிக்காலத்தில் குறைபாடு ஏற்பட்ட ஊழியரை வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. பழைய வேலையைச் செய்ய முடியாவிட்டால், அதே சம்பள விகிதத்தில் வேறு பணி தர வேண்டும். அதுவும் உடனே இல்லையென்றால், தகுந்த பணி கிடைக்கும்வரை அல்லது ஓய்வு பெறும்வரை அவருக்காகக் கூடுதல் பணியிடம் உருவாக்கி வைத்திருக்க வேண்டும். குறைபாட்டைக் காரணம் காட்டி மட்டும் பதவி உயர்வை மறுக்கவும் கூடாது. அரசுப் பணியிடங்களில் 4% இடஒதுக்கீடும் உண்டு.

தனியார் மருத்துவமனைக்கு 20-வது பிரிவின் அந்தப் பாதுகாப்பு அப்படியே பொருந்தாது. அது 'அரசு நிறுவனம்' என்றுதான் பேசுகிறது. சட்டத்தில் உள்ள பெரிய இடைவெளி இது. ஆனால் தனியார் முழுக்கத் தப்பித்துவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. 21-வது பிரிவு எல்லா நிறுவனங்களுக்கும் பொருந்தும். ஒவ்வொரு நிறுவனமும் 'சம வாய்ப்புக் கொள்கை' ஒன்றை வெளியிட்டு, அதன் நகலை ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம் என்றால் அந்தக் கொள்கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்றும் விதிகள் சொல்கின்றன: எந்தெந்தப் பணிகள் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றவை, என்ன பயிற்சி, என்ன உதவிக் கருவிகள், இடமாற்றத்தில் என்ன முன்னுரிமை, சிறப்பு விடுப்பு உண்டா, இதற்கெல்லாம் பொறுப்பான தொடர்பு அலுவலர் யார்?

உங்கள் மருத்துவமனையில் அப்படி ஒரு கொள்கை இருக்கிறதா? எச்.ஆரிடம் ஒரு மெயில் போட்டுக் கேட்டுப்பாருங்க. கேள்வியே சில நேரம் வேலையைத் தொடங்கி வைக்கும். சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த முறை 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். பொது இடத்தில் வேண்டுமென்றே ஒரு மாற்றுத்திறனாளியை அவமானப்படுத்தினால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை.

முதலமடைக்காரர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியவை

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் உள்ள முதலமடை, மாம்பழத்துக்குப் பெயர்போன ஊர். தமிழ் பேசுபவர்கள் நிறைந்த ஊராட்சி. பரம்பிக்குளமும் இதே ஊராட்சியில்தான் வருகிறது. ஆனால் அங்கே போக வேண்டுமானால் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் என்று தமிழ்நாட்டைச் சுற்றித்தான் போக வேண்டும். இப்படி இரண்டு மாநிலத்துக்கும் நடுவே வாழ்பவர்களுக்குச் சில கேள்விகள் கூடுதலாக வரும்.

கேரளத்தில் வாங்கிய சான்றிதழ் கோவையில் செல்லுமா? செல்லும். மாற்றுத்திறனாளி சான்றிதழ் நாடு முழுக்கச் செல்லுபடியாகும் என்று 58-வது பிரிவு சொல்கிறது. "தமிழ்நாட்டு சர்டிபிகேட் கொண்டாங்க" என்று தனியார் மருத்துவமனை கேட்க முடியாது. சான்றிதழுக்கும் தேசிய அடையாள அட்டைக்கும் யுடிஐடி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். மாநில அரசு தன் சொந்தப் பணத்தில் தரும் உதவித்தொகை, பேருந்துச் சலுகை போன்றவை மட்டும் வசிக்கும் மாநிலத்தைப் பொறுத்து மாறும்.

எந்த மாநிலத்தில் புகார் செய்வது? வேலையிடம் எங்கே இருக்கிறதோ, அந்த மாநிலத்தின் மாற்றுத்திறனாளிகளுக்கான ஆணையரிடம். மருத்துவமனை பொள்ளாச்சியில் என்றால் தமிழ்நாடு, பாலக்காட்டில் என்றால் கேரளம். மத்திய அரசு நிறுவனம் என்றால் டெல்லியில் உள்ள தலைமை ஆணையர். ஆணையர் பரிந்துரை செய்தால், சம்பந்தப்பட்ட அமைப்பு 3 மாதத்துக்குள் நடவடிக்கை எடுத்துத் தெரிவிக்க வேண்டும். ஏற்கவில்லை என்றால் காரணத்தையாவது சொல்ல வேண்டும்.

மலையாளத்தில் எழுதத் தெரியாதே? கவலை வேண்டாம். கேரளத்தில் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் மாநில அரசுடன் தங்கள் மொழியிலேயே கடிதத் தொடர்பு வைத்துக்கொள்ள அந்த மாநிலத்தின் ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. தமிழிலேயே மனு எழுதலாம்.

வேலைக்குப் போகும் வழியில் விபத்து நடந்தால்? நீங்கள் இஎஸ்ஐ உறுப்பினர் என்றால் இது முக்கியம். வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே பயணத்தில் நடக்கும் விபத்தும், வேலையோடு தொடர்பு இருப்பதாக நிறுவப்பட்டால், பணிக்காயமாகவே கருதப்படும். குணமாகும்வரை சம்பளத்தில் 90% அளவுக்கு உதவித்தொகை உண்டு. நிரந்தரக் குறைபாடு ஆனால் அதற்கேற்ற மாதத்தொகையும் உண்டு. அந்தத் தற்காலிக உதவித்தொகை வாங்கும் காலத்தில் உங்களை வேலையை விட்டு நீக்கக் கூடாது. ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால் இந்தப் பாதுகாப்பை நீங்களே கைவிட்டதாக ஆகிவிடும். இஎஸ்ஐ சம்பள உச்சவரம்பு பொதுவாக 21,000 ரூபாய் என்றாலும் மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000 ரூபாய்.

நீங்கள் அந்த ஊழியர் என்றால்

முதலில், எதையும் வாய்மொழியாக விடாதீர்கள். "என் குறைபாடு இது, இந்தப் பணியைச் செய்ய எனக்கு இந்த வசதி தேவை" என்று குறிப்பிட்டு மெயில் அனுப்புங்கள். 'உதவி செய்யுங்கள்' என்று பொதுவாக எழுதாமல், 'மூன்றாம் மாடி வார்டுக்குப் பதில் தரைத்தள ஓ.பி.', 'இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 10 நிமிடம் உட்கார அனுமதி' என்று எழுதினால் மறுப்பது கடினம். ஒரு மாதம் சோதனை முறையில் செய்துபார்க்கலாம் என்று நீங்களே யோசனை சொல்லலாம். சிகிச்சை அளித்த மருத்துவரின் குறிப்பை இணையுங்கள். அதில் நோயின் முழு வரலாறு தேவையில்லை, எந்த வேலையில் என்ன கட்டுப்பாடு என்பது போதும்.

மனநலப் பாதிப்பு என்றாலும் இதே வழிதான். மருத்துவத் துறையில் இருப்பவர்களே இதை அதிகம் மறைக்கிறார்கள். "விஷயம் தெரிஞ்சா டியூட்டி போட மாட்டாங்க" என்ற பயம். 2021 டிசம்பரில் ரவீந்தர் குமார் தாரிவால் வழக்கில், மனநலக் குறைபாடு உள்ள சிஆர்பிஎஃப் அதிகாரி மீதான ஒழுங்கு நடவடிக்கையை உச்ச நீதிமன்றம் மறைமுகப் பாகுபாடு என்று சொன்னது. அந்த நடத்தைக்கு அவரது குறைபாடும் ஒரு காரணமாக இருந்தாலே போதும் என்றது.

நீங்கள் சக ஊழியர் அல்லது டீம் லீடர் என்றால்

அவரிடமே கேளுங்கள். "உங்களால முடியுமா?" என்று கேட்காதீர்கள். "இதைச் செய்ய உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேளுங்கள். இரண்டு கேள்விக்கும் வரும் பதில் வேறு வேறாக இருக்கும்.

அவருக்குத் தெரியாமல் அவரது வேலையைக் குறைத்துவிடாதீர்கள். "பாவம், அவங்க ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று சிக்கலான கேஸ்களை அவரிடமிருந்து ஒதுக்கினால், அடுத்த ஆண்டு அனுபவம் போதாது என்று பதவி உயர்வும் ஒதுங்கிவிடும். அவரது மருத்துவ விவரத்தை டீமில் பரப்பாதீர்கள். எந்த ஏற்பாடு என்பது டீமுக்குத் தெரிந்தால் போதும், ஏன் என்பதைச் சொல்லும் உரிமை அவருடையது.

"அவருக்கு மட்டும் ஏன் நைட் டியூட்டி இல்லை?" என்ற முணுமுணுப்பு கண்டிப்பாக வரும். ஆள் பற்றாக்குறை உள்ள வார்டில் அது பொறாமை மட்டும் இல்லை, அசதியும்தான். அந்தச் சுமையை மற்ற இரண்டு பேர் தலையில் கட்டாமல், ஆள் எண்ணிக்கையைக் கணக்குப் போட்டு ஷிப்ட் அமைப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. அதைச் செய்யாத இடத்தில் கோபம் முழுக்க மாற்றுத்திறனாளி ஊழியர் மேல்தான் திரும்பும்.

இன்னொன்றையும் கவனிக்கலாம். ஊழியருக்காகப் போடும் சாய்தளம், பெரிய எழுத்துப் பலகை, எழுத்தில் தரும் ஹேண்ட்ஓவர் எல்லாமே நோயாளிக்கும் உதவுபவை. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில், அணுகல் வசதிக்கான தரங்கள் கட்டாயமாக இருக்க வேண்டும், வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எப்படியும் கட்ட வேண்டிய சாய்தளம் அது. ஸ்ட்ரெச்சரில் வருபவரும் அதில்தான் ஏறுவார், சக்கர நாற்காலியில் டியூட்டிக்கு வரும் டாக்டரும் அதில்தான் ஏறுவார்.